பேத்திக்கு நான் கட்டிக்கொடுத்த புளிச்சோறு

ஈப்போவில் இறங்கிய மறுநாள் காலை என் மகள் செல்வி என்னை அடுப்படியில் நிற்கவைத்துப் பாடம் நடத்தினாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கப்புறம் எனக்குப் பாடம் நடத்தத் துணிந்தவர்கள் குறைவு. விருதுநகரில் சைக்கிள் கேரியரில் பெருங்காயப் பொட்டலம் கட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவன், இன்று சொந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு பேருக்கு வேலை கொடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் என் பெருங்காயம் விழாத சாம்பார் கிடையாது என்று நானே சொன்னால் நன்றாக இருக்காது. ஆனாலும் அதுதான் உண்மை.

பாடம் என் பேத்தி யாஷினியைப் பற்றியது. ஒன்பது வயது. கோதுமை அவளுக்கு ஆகாது. போனில் கேட்டபோது, ஏதோ தும்மல், சொறி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கோதுமையோ பார்லியோ கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். சுருண்டு படுத்துவிடுவாள். இதைக் கண்டுபிடிப்பதற்குள் பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டது. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. சாப்பாட்டில் கோதுமை இல்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

"பச்சை டேப் ஒட்டின இந்த அலமாரியில இருக்கறத மட்டும் வெச்சுத்தான் அவளுக்குச் சமைக்கணும். வேற எதையும் தொடாதீங்கப்பா. இந்தச் சட்டி, இந்தக் கரண்டி, இந்தத் துணி. எல்லாமே தனி."

அரிசி, பருப்பு, கடுகு, மிளகாய், புளி, மஞ்சள், நல்லெண்ணெய் எல்லாம் இருந்தன. நான் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தேன்.

"பெருங்காயம் எங்கம்மா?"

"இங்க அது போடறதில்லப்பா" என்று சொல்லிவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. பெருங்காயம் விற்ற கையால் வளர்ந்த பெண். அவள் வீட்டு அலமாரியில் பெருங்காயம் இல்லை. வெளிநாட்டுக்கு வாழ்க்கைப்பட்டால் அப்பன் சரக்கு இளக்காரமாகிவிடும் போல என்று நினைத்துக்கொண்டேன். என் பெட்டியில் எப்போதும் இரண்டு கட்டி இருக்கும். அதை நான் சொல்லவில்லை.

பள்ளி விடுமுறை. மாப்பிள்ளை வேலையாக ஜொகூரில் இருந்தார். செல்விக்கு ஆபீசில் லீவு இல்லை. யாஷினி பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். தினமும் அவளைக் கூட்டிப்போய்ச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. மதியச் சாப்பாட்டையும் நானே கட்டிக்கொள்கிறேன் என்றேன். எந்தச் சரக்கானாலும் காற்றுப் புகாமல் பொட்டலம் கட்டுவதில் எனக்கு ஈடு யாருமில்லை.

முதல் நாள் ஈப்போவுக்குள்ளேயே சுற்றினோம். அன்றைக்குச் செல்வியே எலுமிச்சைச் சோறு கிளறித் தந்துவிட்டாள். மலையைக் குடைந்து கட்டின சீனக் கோயிலுக்குப் போனோம். குகைக்குள் அவ்வளவு குளிர்ச்சி. நம் ஊர்க் குடைவரை என்றால் வௌவால் நாற்றம் முதலில் வரும். இங்கே ஊதுபத்தி மணம் மட்டும்தான். பிறகு பழைய டவுனில் ஒரு காப்பிக்கடை. வெள்ளைக் காப்பி என்று சொல்லிக் கறுப்பாகத்தான் கொடுத்தார்கள். ருசியாக இருந்தது.

பக்கத்துத் தட்டில் வெள்ளையாக, பட்டையாக ஏதோ வழுக்கிக்கொண்டிருந்தது. கொய்த்தியாவாம். அரிசி மாவில் செய்வது என்று யாஷினி சொன்னாள். அரிசிதானே, சாப்பிடேன் என்றேன். அவள் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, கடைக்காரச் சீன அம்மாவிடம் நீட்டினாள். தனக்கு எதெல்லாம் ஆகாது என்று மலாயிலும் சீனத்திலும் அதில் எழுதியிருக்கிறது. அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். பிறகு கையை விரித்து ஆட்டினார்.

"விற்க மாட்டாங்களாம் தாத்தா. கிச்சாப்புல கோதுமை இருக்காம்."

கிச்சாப் என்பது இங்கே எல்லாவற்றிலும் ஊற்றுகிற கறுப்புச் சாறு. சோயாவோடு கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைப்பார்களாம். வருகிற வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரியை நான் அன்றுதான் பார்த்தேன். வியாபாரம் தெரியாதவள் என்று மனதில் நினைத்தேன். அங்கேயே ஓரமாக உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றைத் திறந்தோம். சோறு நன்றாகத்தான் இருந்தது. மணம் மட்டும் இல்லை.

இரண்டாம் நாள் தைப்பிங். விடியும்போதே எழுந்து புளிச்சோறு செய்துவிட்டேன். செல்வி குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்தது. புளியை நல்லெண்ணெயில் சுண்டக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்து வரும்போது பெருங்காயம் போட வேண்டும். சிட்டிகை போடுகிற ஆள் இல்லை நான். சுண்டைக்காய் அளவு கிள்ளிப் போட்டேன். சோற்றை விசிறி ஆறவைத்து, தணலில் வாட்டிய வாழையிலையில் அமுக்கிக் கட்டி, உருளைக்கிழங்கு வறுவலைத் தனி டப்பாவில் அடைத்தேன். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கெட்டுப்போகும். இது தெரியாமல்தான் பாதிப் பேர் பயணத்தில் ஊசிப்போன சோற்றைச் சாப்பிடுகிறார்கள்.

அந்த ஊர் ரயில் சத்தமே இல்லாமல் போகிறது. குலுக்கல் இல்லை, காப்பி காப்பி என்று கத்துகிற ஆள் இல்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் வந்தது. ஒரு ஸ்டேஷனில் விழித்து, வந்துவிட்டது, இறங்கு என்று யாஷினியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"தாத்தா, இது இல்ல. இன்னொண்ணு இருக்கு."

"எனக்குத் தெரியும், வா."

அது கோலகங்சார். அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தோம். அவள் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு மலாய்க்காரர்கள் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "அந்தத் தாத்தா தப்பா இறங்கிட்டாரு, பாவம் அந்தப் பிள்ளை" என்று மொழிபெயர்த்துக் கொடுத்தாள். பசித்தது. இலையைப் பிரித்தோம்.

"தாத்தா, இது அம்மா செய்றத விட வாசமா இருக்குலா!"

பாதிக்கு மேல் அவளே சாப்பிட்டாள். என் மனசு நிறைந்துவிட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தைப்பிங்கில் இறங்கியதும் மழை. ஏரிக்கரையில் பெரிய மரங்கள் சாலைக்கு மேலே கிளையை நீட்டி, தண்ணீரைத் தொடுகிற மாதிரி வளைந்து நிற்கின்றன. எங்கள் ஊரில் இப்படி மழை பெய்தால் லீவு விட்டுக் கொண்டாடுவோம். இங்கே அதைப் பார்த்து யாரும் தலையைக்கூட உயர்த்தவில்லை. ஒரு சாப்பாட்டுக் கொட்டகையில் ஒதுங்கி, மிச்சச் சோற்றையும் அங்கே முடித்தோம். திரும்பி வரும்போது யாஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மழையில் நனைந்தது என்று நினைத்தேன். செல்வியிடமும் அப்படியே சொன்னேன்.

மூன்றாம் நாள் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். மாப்பிள்ளையின் அக்கா லெட்சுமி அங்கே இருக்கிறாள். அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பால்மரம் சீவின குடும்பம். இப்போது ரப்பரைப் பிடுங்கிவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டின பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு வரிசை மட்டும் மிச்சம். லயம் என்கிறார்கள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

காலையிலேயே பிள்ளை சோர்ந்துதான் இருந்தாள். போக வேண்டாமா என்றதற்கு, அத்தை வீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று அடம். நான் தயிர்ச்சோறு கட்டினேன். குழையவிட்ட சோற்றில் பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் கலந்துவிட்டால் மதியத்துக்குப் பதமாக உறைந்திருக்கும். மேலே கடுகு, இஞ்சி, பெருங்காயம் தாளித்தேன். வயிற்றுக்கு நல்லது என்று அன்றைக்குக் கொஞ்சம் கூடவே போட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு லெட்சுமியே காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வாய் ஓயாத பெண்.

"வாங்க மாமா! என்னா, சோத்துமூட்டையோட வாரீங்க? என் வீட்டுல சமைக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?"

"பிள்ளைக்கு நான்தாம்மா கட்டுவேன்."

"உங்களுக்குமா தாப்பாவ் பொட்டலம்? சரிலா, சாப்பிடுங்க. ஆனா பாப்பாவுக்கு மரவள்ளிக்கிழங்கு அவிச்சு வெச்சிருக்கேன். அத வேணான்னு சொன்னீங்க, திரும்ப பஸ் ஏத்தி விட்டுருவேன்."

அவள் வீட்டிலும் யாஷினிக்கென்று ஒரு சட்டி தனியாக இருந்தது. மூடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. பிள்ளை முதலில் என் தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டாள். அப்புறம் தேங்காய்ப்பூ தூவின கிழங்கில் இரண்டு துண்டு. செம்பனைக்குள் அணில் பார்க்கப் போனவள், மூன்று மணி வாக்கில் வெளுத்துப்போய்த் திரும்பி வந்தாள். வாசலிலேயே வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வேர்வை.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். வாசலில் நின்றுகொண்டு கத்தினேன்.

"என்ன குடுத்தே பிள்ளைக்கு? அந்தச் சட்டியில என்னத்த ஆக்குனே? ரொட்டி சுட்ட கையோட கிழங்கைத் தொட்டியா? படிச்சுப் படிச்சுச் சொல்லியும் உனக்கு உறைக்கலையா?"

"மாமா, கிழங்கும் தேங்காயும்தான். கைய கழுவிட்டுத்தான்..."

"கழுவுன லட்சணம்தான் தெரியுதே!"

லயம் முழுக்க ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். லெட்சுமி ஈரத்துணியால் பிள்ளையின் முகத்தைத் துடைத்து, காரின் பின் சீட்டில் படுக்கவைத்து, ஈப்போ வரை அவளே ஓட்டினாள். நான் செல்விக்குப் போன் போட்டு, லெட்சுமி கொடுத்த கிழங்குதான் காரணம் என்று சொல்லிவிட்டு, வழி நெடுக முன் சீட்டில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளினிக் வாசலில் செல்வி நின்றாள். லெட்சுமி இறங்கியதும், "என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க" என்று மட்டும்தான் கேட்டாள். லெட்சுமி காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்து வழி வந்த அம்மா. தலை நரைத்தவர், நிதானமாகப் பேசுகிறவர். செல்வி உள்ளறையில் பிள்ளையோடு இருந்தாள். டாக்டர் என்னை எதிரே உட்காரவைத்துத் தாளும் பேனாவும் எடுத்தார்.

"ஐயா, ரெண்டு நாளா பிள்ளை சாப்பிட்டது எல்லாத்தையும் சொல்லுங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ."

கிழங்கை முதலில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் என் சமையலைச் சொன்னேன். அரிசி, புளி, நல்லெண்ணெய், கடுகு, மிளகாய், பெருங்காயம்.

"பெருங்காயம் எந்தக் கம்பெனி?"

இப்படி ஒரு கேள்வி வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். அது பழக்கம். "என் சொந்தத் தயாரிப்பு அம்மா" என்றேன்.

"அதிலே என்னென்ன சேர்க்கிறீங்கள்?"

முப்பது வருடமாக ஏஜெண்டுகளிடம் பாடுகிற பாட்டு. யோசிக்காமல் ஆரம்பித்தேன். "காபூல் பால் பெருங்காயம், முதல் தரக் கோந்து, சலித்த மைதா..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குத் தெரியாத சங்கதியா இது? ஆரம்ப காலத்தில் மைதா மூட்டையை என் தோளில் சுமந்து ஏற்றியிருக்கிறேன். என் கையாலேயே பிசைந்திருக்கிறேன். ஆனால் எங்கள் பட்டறையில் அதைக் கோதுமை மாவு என்று நினைப்பதே இல்லை. பிசினைப் பிடித்துவைக்கிற ஒரு சேர்மானம், அவ்வளவுதான். ரொட்டியும் பரோட்டாவும்தான் கோதுமை, பெருங்காயம் பெருங்காயம்தான் என்று என் புத்தியில் உறைந்து கிடந்தது. என் பொட்டலத்தின் பின்பக்கம் என் மகன் ஆங்கிலத்தில் அச்சடித்துத்தான் வைத்திருக்கிறான். நான் அதைப் படித்ததில்லை.

"உங்கட மகளுக்கு நீங்க சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

"நானே சொல்றேன் அம்மா."

சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை. பிள்ளை உப்புக்கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கியதும் சொல்லலாம் என்று இருந்தேன். தூங்கினாள். அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் காலை செல்வி அடுப்படியில் போனை மேடைமேல் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் லெட்சுமி.

"இனிமே பாப்பாவை அங்க அனுப்பறதா இல்ல அண்ணி. கோச்சுக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"சரிலா செல்வி. நான் கழுவிட்டுத்தான் செஞ்சேன். ஆனா சரி. பாப்பா எந்திரிச்சிட்டாளா? அதச் சொல்லு மொதல்ல."

நான் என் பெட்டியைத் திறந்து மிச்சமிருந்த கட்டியை எடுத்துப்போய்ப் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். செல்வி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனை அணைத்தாள். அவளும் அந்தப் பட்டறையில் விளையாடி வளர்ந்தவள். விளக்கம் தேவைப்படவில்லை.

"அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்ப்பா" என்றாள். "பெருங்காயம் எங்கன்னு கேட்டீங்களே, அப்பவே. உங்க சரக்கு என் பிள்ளைக்கு விஷம்னு உங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரல."

"தொடாதேன்னு சொன்னியேம்மா. நான்தான் தொட்டேன்."

"என்கிட்ட சொன்னது போதும். அண்ணிக்கு யார் சொல்றது?"

போனில் சொல்லிவிடலாம் என்றேன். அவள் கட்டியைத் துணியால் எடுத்துக் குப்பையில் போட்டுக் கையைக் கழுவினாள். "போன்லயா திட்டுனீங்க?" என்று கேட்டாள்.

யாஷினி தேறி எழ நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் தானும் வருவேன் என்று நின்றாள். செல்வி அவளுக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கட்டினாள். நான் சமைக்கவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டேன்.

இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டில் கார் வரவில்லை. வாடகைக் கார் பிடித்தோம். ஓட்டிய மலாய்ப் பையனுக்கு வழி தெரியாமல் செம்பனைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினான். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம். யாஷினிதான் வழி சொன்னாள். அவள் கை காட்டின பக்கமெல்லாம் நானும் தலையாட்டினேன்.

லெட்சுமி கதவைத் திறந்து பிள்ளையை அணைத்துக்கொண்டாள். என்னை உள்ளே வாங்க என்றாள், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். பெருங்காயம், மைதா, டாக்டர், ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது வரைக்கும். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"மாமா, அன்னிக்கு நீங்க எங்க நின்னு பேசுனீங்க?"

"வாசல்ல."

"அப்ப வாசல்ல போய்ச் சொல்லுங்க. நீங்க போட்ட சத்தத்துக்கு அஞ்சு நாளா இந்த லயத்துல இதே பேச்சு. லெட்சுமி கழுவாத சட்டியில பிள்ளைக்குக் குடுத்துட்டாளாம்னு பாசார்ல மீன்காரன் கேக்குறான். நான் என்னா பதில் சொல்ல?"

எழுந்து வாசலுக்குப் போனேன். வயதானவன், சம்பந்தி வீட்டார் முன்னால், என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வழியே போய்விட்டது. தொண்டையைச் செருமினேன்.

"எல்லாரும் கேளுங்க. நான் விருதுநகர்ல சொந்தமா கம்பெனி வெச்சு, இருபத்திரண்டு பேருக்கு..."

"அதெல்லாம் வேணாம் மாமா, விஷயத்துக்கு வாங்க" என்றாள் பின்னாலிருந்து.

"அன்னிக்குப் பிள்ளைக்கு முடியாமப் போனது இந்த வீட்டுச் சாப்பாட்டால இல்ல. லெட்சுமி மேல ஒரு தப்பும் இல்ல. நான் கட்டிட்டு வந்த சோத்துல என் பெருங்காயத்தப் போட்டேன். அதுல மைதா இருக்கு. போட்டவன் நான்தான்."

நாலாவது வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கையைக் காதில் வைத்தாள்.

"என்னா சொல்றாரு? கேக்கல! அன்னிக்கு நல்லா கேட்டுச்சே!"

யாரோ சிரித்தார்கள். நான் இன்னும் பலமாக, அன்றைக்குக் கத்தின அளவுக்கே, முதலிலிருந்து சொன்னேன். கோழிகள் சிதறி ஓடின. மூன்றாவது தடவை, அப்போதுதான் குளித்துவிட்டு வந்த ஒரு கிழவருக்காகச் சொன்னேன். "பெருங்காயத்துல மைதாவா?" என்று அவர் தன் மனைவியைக் கூப்பிட்டு விசாரிக்கப் போய்விட்டார்.

உள்ளே திரும்பினேன். யாஷினி இடியாப்பத்தைப் பிரித்துத் தன் அத்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். லெட்சுமி மென்றுகொண்டே விரல்விட்டு எண்ணினாள்.

"பதினோரு வீட்டுக்குக் கேட்டிருக்கும் மாமா. கடைசி வீட்டு அண்ணன்தான் இல்ல. மில்லுல வேலை. அவருதான் ஊர் பூரா பேசினாரு. ஆறு மணிக்கு வருவாரு."

ஈப்போ பஸ் ஐந்தரைக்கு என்று செல்வி சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அப்புறம் எப்படிம்மா போறது?"

"அவரு வந்து கேட்டப்புறம் நானே கொண்டுபோய் விடுறேன்லா."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி வீடு தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.